மேடு இருக்கட்டும், கை மேலே போகட்டும்

சைக்கிளில் விழுந்து தோளின் ஏ.சி. மூட்டு (காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேரும் இடம்) விலகியதில், என் இடது தோளின் முனையில் இப்போது ஒரு மேடு நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த அளவு. "எப்பம்மா அமுங்கும்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அமுங்காது. அமுங்காமலே கை முழுதாக வேலை செய்யும். இது இரண்டையும் சேர்த்து நம்புவதற்கு வீட்டில் எல்லாருக்கும் கொஞ்ச காலம் பிடித்தது.

கையைத் தாங்கும் கழுத்துப் பட்டையான ஸ்லிங்கோடு பள்ளிக்குப் போனபோது நிறுத்திக் கேட்டவர்கள், சைக்கிள் குழுவில் இதே அடி பட்டவர்கள் என்று பலருக்கும் துண்டு துண்டாகச் சொல்லிவந்தேன். ஒரே இடத்தில் எழுதிவைத்தால் இனி அடிபடுபவருக்கு உதவும்.

விழுந்த இடம் புக்கிட் கியாரா. கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் (டி.டி.டி.ஐ.) குடியிருப்பை ஒட்டியிருக்கும் அந்தக் குன்று முன்பு ரப்பர் தோட்டம். எண்பதுகளில் அங்கே பால் வெட்டிய நம் சனங்களைப் பக்கத்திலேயே நீள வீடுகளுக்கு மாற்றினார்கள். நல்ல வீடு கிடைக்கும் என்று அவர்கள் எத்தனை பத்தாண்டு காத்திருந்தார்கள் என்பது கோலாலம்பூர் தமிழர்களுக்குத் தெரிந்த கதைதான். பால்மரங்கள் பல இன்னும் அங்கேயே நிற்கின்றன. என் பாட்டி வேறொரு தோட்டத்தில் காண்டாவாளி (தோள்கம்பில் தொங்கும் பால் வாளி) சுமந்தவர். பழைய வெட்டுத் தழும்போடு ஒரு மரத்தைப் பார்த்தால், பாட்டியின் தோளில் கம்பு அழுத்திக் காய்த்துப்போயிருந்த இடம் எனக்கு நினைவு வரும். அந்த மரங்களுக்கு நடுவேதான் சைக்கிள் தடங்கள் ஓடுகின்றன. டிராக்ஸ் சங்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வார இறுதிகளில் மண்வெட்டியோடு வந்து செப்பனிட்டுக் காப்பாற்றிவரும் தடங்கள் அவை.

முந்தின நாள் மாலை மழை. தடத்துக்குக் குறுக்கே சாய்வாகக் கிடந்த ஒரு வேரின் மேல் முன்சக்கரம் ஏறாமல், அதன் நீளத்துக்கே வழுக்கிக்கொண்டு போனது. ஹேண்டல்பாரை இரண்டு கையும் விடவே இல்லை. ஏ.சி. மூட்டு விலகுவது பெரும்பாலும் இப்படித்தான். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு உடையலாம், காறை எலும்பு உடையலாம். கை உடம்போடு ஒட்டியிருக்க, தோளின் முனை நேரே தரையில் மோதினால் மூட்டைக் கட்டியிருக்கும் நார்கள் அறுகின்றன. சத்தம் எதுவும் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது இடது கை என்னுடையது போலவே இல்லை, அவ்வளவு கனம். கூட வந்த அண்ணன் ஒருவர் தன் பையிலிருந்த உதிரி டியூபை என் கழுத்தில் போட்டுக் கையைத் தாங்கும்படி கட்டிவிட்டார். வலி பாதியாகக் குறைந்தது. காட்டுக்குள் அடிபட்டால் வேறு எதையும் தேடாமல் முதலில் கையின் பாரத்தைத் தூக்கிப் பிடியுங்கள்.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 1 வெள்ளி (ரிங்கிட்), பின்னர் எலும்பு நிபுணரிடம் 5 வெள்ளி. கட்டணத்தை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "தனியாரில் ஆயிரக்கணக்கில் ஆகுமே" என்று பயந்து, எக்ஸ்ரேகூட எடுக்காமல் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுபவர்கள் நம்மில் நிறையப் பேர்.

மருத்துவர் இரண்டு தோளையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார். நல்ல தோளோடு ஒப்பிட்டால்தான் விலகல் எவ்வளவு என்று தெரியுமாம். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தெரியும் காறை எலும்புதான் கையை உடம்பின் எலும்புக்கூட்டோடு சேர்க்கும் ஒரே எலும்பு. அதன் வெளிமுனையும் தோள்பட்டை எலும்பின் முகடும் சந்திக்கும் இடம் ஏ.சி. மூட்டு. மூட்டைச் சுற்றிக் கட்டும் நார்கள் ஒரு தொகுதி. கீழேயிருந்து காறை எலும்பை இழுத்துப் பிடிக்கும் இரண்டு பலமான நார்கள் இன்னொரு தொகுதி. ராக்வுட் என்ற அமெரிக்க மருத்துவர் 1984இல் வகுத்த கணக்குப்படி இந்த விலகலில் ஆறு வகை. எனக்கு மூன்றாவது. அதாவது இரண்டு தொகுதியும் அறுந்து, காறை எலும்புக்கும் அந்த நார்கள் கீழே பிடித்திருக்கும் எலும்புக்கும் இடையே உள்ள இடைவெளி நல்ல பக்கத்தைவிட 25 முதல் 100 விழுக்காடுவரை கூடியிருக்கும் வகை.

திரையில் காறை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அதைக் காட்டி மருத்துவர் சொன்னதை நான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "எலும்பு மேலே கிளம்பிட்ட மாதிரி தெரியுதா டீச்சர்? அது கிட்டத்தட்ட அங்கேயேதான் இருக்கு. உங்க கைதான் தோள்பட்டையோட கீழே இறங்கியிருக்கு."

இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். உண்மைதான். காறை எலும்பின் மற்ற முனை நெஞ்செலும்போடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாங்கிப் பிடித்த நார்கள் போனதும் கை தன் பாரத்தாலேயே தொங்கிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் எனக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. துருத்திய எலும்பை அமுக்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, இறங்கிய தோள்பட்டையை ஏற்றிப் பிடிக்க எந்தத் தசைகளைத் தயார் செய்யவேண்டும் என்று கேட்கத் தெரிந்தது.

அறுவை சிகிச்சை வேண்டுமா? முதல் இரண்டு வகைக்கு வேண்டாம். நான்கு, ஐந்து, ஆறு என்றால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். நடுவே நிற்கும் மூன்றாம் வகையைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே நெடுநாளாக வாதம் நடக்கிறது. கொக்கி வடிவத் தகடு ஒன்றை வைத்து எலும்பை அழுத்திப் பிடிக்கும் முறை உண்டு. ஆனால் சில மாதம் கழித்து அந்தத் தகட்டை எடுக்க இன்னொரு முறை மேசையில் படுக்கவேண்டும். கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து இதை ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதம்வரை தகடு வைக்காதவர்களின் கையே நன்றாக வேலை செய்தது. ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸ்ரேயில் எலும்பு நேராகத் தெரிந்தது மட்டும் தகடு வைத்தவர்களுக்கு. எக்ஸ்ரே அழகுக்காக நான் கத்தி வைத்துக்கொள்ள விரும்பவில்லை. மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்தும் வலியோ பலவீனமோ போகவில்லை என்றால் அப்போதும் நார்களைப் புதுப்பிக்கும் அறுவைக்கு வழி இருக்கிறது என்று மருத்துவர் உறுதி சொன்னார். அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படித்தபோது ஒன்று தெரிந்தது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ராட்டஸ் இந்தக் காயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எலும்பு பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது, மேடு நிலைத்துவிடும், ஆனால் கை வேலைக்கு அதனால் குறை வராது என்பது அவர் கணிப்பு. அவருக்கு நெடுங்காலம் பின்னால் வந்த காலென் என்ற வைத்தியருக்கு மற்போரில் இதே மூட்டு விலகியது. இறுக்கிக் கட்டும் கட்டின் வேதனையைத் தன் உடம்பிலேயே அனுபவித்தார். படித்ததை அம்மாவுக்குச் சொன்னேன். "அந்தக் காலத்துலயே சொல்லிட்டாங்களா" என்று அம்மா அதற்குப் பிறகுதான் கொஞ்சம் சமாதானமானார். கனடா ஆய்வைச் சொன்னபோது கிடைக்காத சமாதானம்.

ஸ்லிங் போட்டிருந்த வாரங்களில் பகலைவிட இரவுதான் கொடுமை. மல்லாந்து படுத்தால் முழங்கை பின்னால் சரிந்து தோளை இழுக்கும். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துப் பாதி சாய்ந்து, முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றைக் கொடுத்த பிறகுதான் தூங்க முடிந்தது. பின்னல் போட முடியாது. என் வீட்டுக்காரர் யூடியூப் பார்த்து மூன்றுகால் பின்னல் கற்றுக்கொண்டார். முதல் வாரம் கோணல், அடுத்த வாரம் பள்ளியில் "யார் டீச்சர் பின்னிவிட்டது?" என்று மாணவிகள் கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார். மருத்துவ விடுப்பு (எம்.சி.) முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் வெண்பலகையில் எழுதுவது சிரமமாக இல்லை, வலது கை இருக்கிறதே. இடது கையில் புத்தகத்தை ஏந்திக்கொண்டு நிற்பதுதான் முடியவில்லை. முதல் வரிசையில் இருந்த பையன் ஒருவன் ஒவ்வொரு பாடத்துக்கும் எழுந்துவந்து புத்தகத்தை எனக்கு விரித்துப் பிடித்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அம்மா தினமும் எண்ணெய்ப் புட்டியோடு வருவார். பிரிக்பீல்ட்ஸில் கண்பார்வை இல்லாத அன்பர்கள் நடத்தும் உருவு நிலையங்களுக்கு நானே பலமுறை முதுகுவலிக்காகப் போயிருக்கிறேன், கை தேர்ந்தவர்கள். ஆனாலும் புதிதாக நார் அறுந்த மூட்டை யாரும் இழுத்து நீவக் கூடாது. ஆறத் தொடங்கிய திசு மறுபடி கிழியும். கழுத்திலும் மேல்முதுகிலும் மட்டும் அம்மாவைத் தேய்க்கச் சொன்னேன். ஸ்லிங்கைச் சுமந்து சுமந்து அங்கேதான் இறுகிப்போயிருந்தது. அம்மாவின் விரல்களுக்கும் ஒரு வேலை கிடைத்தது, எனக்கும் சுகமாக இருந்தது. ஸ்லிங்குக்குள் கை இருந்தாலும் விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் நாள்தோறும் அசைக்கவேண்டும். பயந்து கையை மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் தோள் மூட்டே இறுகிப்போகும். அது வந்தால் மேட்டைவிடப் பெரிய தொல்லை.

ஸ்லிங் கழன்றதும் பிசியோ. எனக்கு வாய்த்தவர் ஒரு மலாய்ப் பெண், என் மாணவி வயது. "சிகு, ஜாங்ஙான் அங்காட் பாஹு" என்பார். டீச்சர், தோளைக் குலுக்காதீங்க. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சொல்வார் என்று கணக்கில்லை. கையைத் தூக்கச் சொன்னால் நான் கையோடு தோளையும் காதுவரை தூக்கிவிடுவேன். எனக்கே தெரியாமல் நடக்கும். கண்ணாடி முன் நிறுத்திக் காட்டினார். வலது தோள் அமைதியாக இருக்க, இடது தோள் கையைவிட முந்திக்கொண்டு ஏறியது.

கை பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேலே முழுதாகப் போக 180 பாகை. அதில் ஏறக்குறைய 120 தோள் மூட்டின் பங்கு, மீதி 60 தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் சுழல்வதால் வருவது. சுழற்றுகிற முக்கியத் தசைகள் கழுத்திலிருந்து நடுமுதுகுவரை பரந்த ஒன்றும், விலாவைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றும். நார் அறுந்து தோள்பட்டை தொங்கியதும் இந்த இரண்டும் சோர்ந்துபோகின்றன. கழுத்துத் தசை மட்டும் ஓடிவந்து அவற்றின் வேலையையும் செய்கிறது. அதனால்தான் அந்தக் குலுக்கல், அதனால்தான் மாலையில் வரும் தலைவலியும். என்ன உழைத்தாலும் அறுந்த நார்கள் பழையபடி கட்டிக்கொள்ளப் போவதில்லை. அவை செய்த தாங்கல் வேலையை இந்தத் தசைகளுக்குப் பழக்கவேண்டும், இந்தக் காயத்தில் குணமாவது என்றால் அதுதான்.

பயிற்சிகள் எல்லாம் பார்க்கச் சாதாரணம். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது. மேசையில் துண்டை வைத்து அதன் மேல் கையை முன்னே தள்ளுவது. சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏறுவது. பிறகு ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை இடுப்பை விட்டு விலகாமல் பின்னால் இழுப்பது. எனக்குப் பெரிய பலன் தந்தது சுவரில் செய்யும் தண்டால். அதிலும் கை நீண்ட பிறகு இன்னும் ஒரு விரற்கடை சுவரைத் தள்ளி, முதுகை லேசாகப் பின்னே விடவேண்டும். அந்த ஒரு விரற்கடைதான் விலாத் தசையை எழுப்புகிறது. அதை விட்டுவிட்டுச் செய்தால் வெறும் கைப்பயிற்சி.

இரண்டாவது மாதத்துக்குப் பிறகு வலி போய்விடும். பலர் பிசியோவை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வலி அடங்கியிருக்கும், தசை இன்னும் தாங்கப் பழகியிருக்காது. என் குழுவில் அப்படி நிறுத்திய ஒருவருக்கு ஓராண்டு கழித்தும் முதுகுப் பையைப் போட்டால் கை மரத்துப்போகிறது.

"சிகு, உங்களுக்கு இந்தக் கையால் என்ன செய்யவேண்டும்?" என்று பிசியோ கேட்டபோது சைக்கிள் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். தைப்பூசம் என்றேன். நான் விழுந்த அன்றே அம்மா பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார், கை தேறினால் என் பெண் பால்குடம் எடுப்பாள் என்று. தைப்பூசம் என்றால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா, கோலாலம்பூரில் பிறந்தவர். குடம் எவ்வளவு கனம், எவ்வளவு நேரம் பிடிக்கவேண்டும், எத்தனை படி என்று மட்டும் கேட்டார். 272 படி என்றேன். அடுத்த முறை வரும்போது குடத்தைக் கொண்டுவாருங்கள் என்றார்.

கொண்டுபோனேன். பித்தளைச் சொம்பில் தண்ணீர் ஊற்றித் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி பிசியோ அறையின் மூன்று படி மரப்படிக்கட்டில் ஏறி இறங்கச் சொன்னார். கை அசையாமல் மேலே நிற்பது, கையைத் தூக்கி இறக்குவதைவிடக் கடினம். கொஞ்ச நேரத்திலேயே இடது முழங்கை முன்னால் சரிய, தண்ணீர் என் நெற்றியில் வழிந்தது. அவர் என் பின்னால் நின்று தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் இரண்டு விரலை வைத்து, "இங்கேயிருந்து பிடிங்க" என்றார். அந்த விரல்களை நோக்கி எலும்பை இழுத்ததும் முழங்கை தானாக நிமிர்ந்தது, கழுத்து தளர்ந்தது. நான் அன்று அழுதேன். பிறகு வீட்டில், செந்தூல் அடுக்குமாடியின் படிக்கட்டில், ஒவ்வொரு மாலையும் அதே பயிற்சி. மாடிக்காரர்கள் வழிவிட்டு நிற்பார்கள்.

தைப்பூசத்தன்று சுங்கை பத்து ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் துணியால் வாய் கட்டிய குடத்தைத் தலையில் வைத்தபோது அம்மா என் இடது பக்கமாக நின்றுகொண்டார், பிடிக்கவேண்டி வந்தால் பிடிக்க. பிடிக்க வேண்டிவரவில்லை. கூட்டம் நின்று நின்று நகர்ந்ததால் படி ஏறுவதைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். தோள் நடுங்கத் தொடங்கியபோதெல்லாம் முதுகில் அந்த இரண்டு விரலை நினைத்துக்கொண்டேன். பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்தோம்.

பெண்களுக்கு ஒரு சின்ன விஷயம். இடது தோள் என்றால் புடவை முந்தானையின் ஊக்கு சரியாக மேட்டின் மேல் உட்காரும், நாள் முழுக்க அழுத்தும். கழுத்துப் பக்கமாக இரண்டு விரல் தள்ளிக் குத்துங்கள். கைப்பையை மறு தோளுக்கு மாற்றுங்கள்.

சைக்கிளுக்கு வருகிறேன். ஞாயிறு காலைகளில் நகரச் சாலைகளைக் காருக்கு அடைத்துவிடும்போது தார்ச்சாலையில் ஓட்டத் தொடங்கிவிட்டேன். தட்டையான சாலையில் தோளுக்குப் பாரமே இல்லை. காட்டுத்தடம் வேறு. இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வரும், வேரிலும் கல்லிலும் ஒவ்வோர் அதிர்வும் அந்த மூட்டில்தான் வந்து இறங்கும். அதனால் பிசியோ மூன்று சோதனை வைத்திருக்கிறார். தோளைக் குலுக்காமல் இரண்டு கையும் காதை ஒட்டி மேலே போகவேண்டும். தரையில் தண்டால் எடுக்கும்போது இரண்டு தோள்பட்டையும் ஒரே மாதிரி அசையவேண்டும். இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது தோளைத் தொட்டு அழுத்தினால் மேட்டின் மேல் வலிக்கக் கூடாது. முதல் இரண்டும் ஆயிற்று. குறுக்கே அழுத்துவது ஏ.சி. மூட்டையே நசுக்கும் அசைவு, கடைசியாகத்தான் வலி விடுமாம். இன்னும் லேசாகக் குத்துகிறது. அடுத்த மாதம் மறுபடி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை தார்ச்சாலைதான்.